மெருகும் மிகையும்

நூல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்னும் கேள்வி எழுதுவோருக்கு மட்டும் உரியதன்று.

ஜப்பானின் டோக்கியோ மருய் நிறுவனம் 1991-இல் ஃபாமாஸ் வடிவில் மின்கலத்தால் இயங்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை வெளியிட்டது. அதன் உள்ளே ஒரு சிறு மோட்டார் மூன்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. மூன்றாவது சக்கரத்துக்குச் சுற்றளவில் ஒரு பகுதியில் மட்டுமே பற்கள். அவை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துச் சுருள்வில்லை அழுத்துகின்றன; பற்கள் தீர்ந்ததும் வில் விடுபட்டுக் காற்றை உந்த, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு பறக்கிறது. நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை இது நிகழ்கிறது.

வேகம் வேண்டுமென்றால் வலிய வில்லைப் போடலாமே எனத் தோன்றும். ஜப்பானில் அவ்வழி அடைபட்டுவிட்டது. 2006-இல் திருத்தப்பட்ட சட்டம் இக்குண்டின் ஆற்றலை ஏறத்தாழ 0.98 ஜூல் என வரையறுத்தது, 0.2 கிராம் குண்டுக்கு அது நொடிக்கு 99 மீட்டர். ஆகவே அங்குள்ள ஆர்வலரின் கவனம் வலிமையிலிருந்து செம்மைக்குத் திரும்பியது. உறுப்புகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவதற்கு அவர்கள் மொழியில் 'சுரியவாசே' என்றொரு சொல்லே உண்டு. தடையொன்று கலையை வளர்ப்பது நமக்குப் புதிதன்று. யாப்பறிந்தோர் இதை ஒப்புவர்.

மெருகு பயன்படும் இடங்கள் சிலவே. குண்டை உள்ளே தள்ளும் மூக்குக்குழாயை முன்னும் பின்னும் நகர்த்தும் தகடு அவற்றுள் முதன்மையானது. அது ஓடும் தடத்தில் வார்ப்பின் பிசிறு இருந்தால், மெல்லிய வில் அதை உரிய காலத்தில் முன்னே கொண்டுவராது. மூக்கு மூடுமுன் காற்று கசிந்துவிடும். பிஸ்டன் சறுக்கும் தண்டவாளங்களும் வில்லைத் தாங்கும் தண்டும் அவ்வாறே. 1000, பின் 2000 எண் உப்புத்தாள், இறுதியில் சிறிது பாலிஷ் பசை: இவ்வளவே போதும்.

ஆனால் இன்று காணும் போக்கு வேறு. பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் கண்ணாடியாக்கிவிடுகிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. உலோகப்பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ், தன் நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் தேய்த்தால் துளைகள் அடைபட்டு, மசகும் போய்விடும். கார் எஞ்சின் உருளைகளின் உட்சுவரில் குறுக்குக் கீறல்களை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் எண்ணெய் தங்குவதற்கே. மிகுந்த வழவழப்பு வழுக்கும் என்பதும் முழு உண்மையன்று. அளவுக்கட்டைகளின் கண்ணாடி முகங்களைச் சேர்த்துத் திருகினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பற்களின் முகத்தைத் தேய்ப்பவரோ அவற்றின் வடிவத்தையே அழிக்கிறார்.

மேலும், மெருகு முதல் வேலையுமன்று. சக்கர அச்சுகளுக்கு ஏற்ற கனத்தில் மெல்லிய வாஷர்களை இட்டு இடைவெளியைச் சரிசெய்வதே முதன்மை. அது பிழைத்தால் எந்த மெருகும் காப்பாற்றாது. பற்கள் ஒன்றையொன்று அரைத்துத் தீர்க்கும். தேய்த்தபின் உறுப்புகளைக் கழுவாமல் பூட்டுவது இன்னொரு பிழை. எஞ்சிய பொடி கிரீசில் கலந்து தானே அரமாகிவிடும். இறுதியாக, உராய்வு குறைந்தால் ஆற்றல் சிறிது கூடலாம். எனவே வேகத்தை மீண்டும் அளக்காமல் களத்தில் இறங்குவது எதிரே நிற்பவருக்கு இழைக்கும் தீங்கு.

பளபளப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பொருத்தம் காதுக்கே தெரிகிறது. மூடிய பெட்டியின் உள்ளே எவரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. கீச்சென்ற ஒலி அடங்கிச் சீரான ஓசை எழும்போது, உப்புத்தாளைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதே நம் துணிபு.