தட்பவெப்பக் கம்மியரும் அவர்தம் ஊதியமும்

உழைப்பின் அருமையை அவ்வுழைப்பு நின்றவிடத்தன்றி உலகம் உணர்வதில்லை. விளக்கு எரியுங்கால் எண்ணெய் வார்த்தவனை நினைப்பார் இலர். அஃது அவிந்த பின்னரே அவனைத் தேடுவர். இவ்வியல்பு, வீட்டைக் குளிரச் செய்யும் பொறிகளையும் வெதுவெதுப்பாக வைக்கும் பொறிகளையும் அமைத்துப் பழுது பார்க்கும் கம்மியர்க்கு முற்றும் பொருந்தும். அவர் பெறும் ஊதியம் யாது, அஃது இடத்துக்கு இடம் வேறுபடுவது ஏன், அவ்வேறுபாடு நீதியோடு பொருந்துமா என்பவற்றை, இத்தொழில் பெருக வளர்ந்துள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

குளிரை விலைக்கு விற்கும் வாணிகம் அந்நாட்டினர்க்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம், மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் குளங்களில் மாரிக்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி அனுப்பிய பிரடெரிக் டியூடர் என்பார் அதனைச் சேமித்தற்பொருட்டு 1842-ஆம் ஆண்டளவில் அமைத்ததேயாகும். பின்னர் இயந்திரங்களாற் பனிக்கட்டி செய்யும் முறை பரவ, அவ்வாணிகம் அழிந்தது. 1902-இல் வில்லிஸ் காரியர் என்னும் பொறியறிஞர், நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சுக்கூடத்திற் காற்றின் ஈரத்தை அடக்குதற்கு ஒரு கருவி வகுத்தார். காகிதம் சுருங்காமற் காக்க வந்த அக்கருவியின் வழித்தோன்றல்களே இன்று மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் மக்கள் உயிரைக் காக்கின்றன.

உயிரைக் காக்கின்றன என்றது மிகையன்று. 2023-ஆம் ஆண்டுக் கோடையில் அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில், தொடர்ந்து 31 நாள் பாரன்ஹீட் 110 பாகைக்குக் குறையாத வெப்பம் நிலவிற்று. அந்நகரை உள்ளடக்கிய மாரிக்கோப்பா வட்டத்தில் அவ்வாண்டில் வெப்பத்தோடு தொடர்புடைய சாவுகள் 645 எனக் கணக்கிடப்பட்டன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாகாணத்தைக் கடுங்குளிர் தாக்கி மின்சாரம் நின்றபோது, அம்மாகாண அரசின் கணக்கின்படி 246 பேர் இறந்தனர். ஆகவே இக்கம்மியர் தொழிலைச் செல்வர் சுகத்துக்கான ஏவல் என எண்ணுவது பிழை.

இனி ஊதியத்தை நோக்குவோம். அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிவர அலுவலகம் 2024 மே மாதத்துக்கு வெளியிட்ட கணக்கின்படி, இக்கம்மியருட் பாதிப்பேர் ஆண்டுக்கு 59,810 டாலருக்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெற்றனர். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்க்குங்கால் அவ்விடை அளவு 49,500 டாலரே. கல்லூரிப் பட்டம் வேண்டாத ஒரு கைத்தொழிலுக்கு இது நல்ல ஊதியமே. ஆயினும் கீழ்நிலையிலுள்ள பத்தில் ஒரு பங்கினர் ஏறத்தாழ 39,000 டாலருக்கும் குறைவாகவும், மேல்நிலையிலுள்ள பத்தில் ஒரு பங்கினர் ஏறத்தாழ 91,000 டாலருக்கு மேலாகவும் பெற்றனர்.

இவ்வேற்றுமையிற் பெரும்பகுதி அனுபவத்தால் வருவது. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. இடத்தால் வருவதே ஆராயத்தக்கது. மாசச்சூசெட்ஸ், அலாஸ்கா ஆகிய மாகாணங்களிற் சராசரி ஊதியம் 70,000 டாலரைக் கடந்திருக்க, 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆர்க்கான்சாஸ், மிசிசிப்பி ஆகியவற்றில் அது 50,000-த்தையும் எட்டவில்லை. வெப்பம் மிக்க இடத்திற் குளிரூட்டுவோனுக்கு மதிப்பு மிகும் என்றே எவரும் கருதுவர். உண்மையோ வேறாக இருக்கின்றது. இக்கம்மியர் மிகுதியாக உழைக்கும் மாகாணங்களுள் முதன்மையானது புளோரிடா. ஆண்டு முழுவதும் அங்கே குளிர்பொறிகள் ஓய்வதில்லை. எனினும் அங்கே கிடைக்கும் ஊதியம் நாட்டின் பொது அளவுக்குக் குறைந்ததே. எனவே தேவை மட்டும் ஊதியத்தை உயர்த்திவிடுவதில்லை என்பது தெளிவு.

அற்றேல், விலைவாசியே காரணம் என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. நாட்டின் சராசரி விலையை 100 என வைத்துக்கொண்டால் ஆர்க்கான்சாஸின் விலைநிலை ஏறத்தாழ 87 ஆகும். மாசச்சூசெட்ஸின் விலைநிலையோ நூற்றினும் ஏழெட்டுப் பங்கு மேற்பட்டது. அதாவது, ஒன்றினும் மற்றொன்றில் வாழ்க்கைச் செலவு ஏறத்தாழக் கால் பங்கு மிகுதி. ஊதியமோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மிகுகின்றது. செலவுக்கு ஈடான பகுதியைக் கழித்த பின்னும் எஞ்சி நிற்கும் வேற்றுமைக்கு வேறு காரணம் காணவேண்டும்.

அறிவின் ஏற்றத்தாழ்வு காரணமாகுமோ எனின், வடக்கே கொதிகலன் முதலியவற்றையும் கற்கவேண்டியிருத்தல் உண்மையே. ஆயினும் குளிர்ப்பொருளாகிய வாயுவைக் கையாள்வோர் அனைவரும் ஒரே தேர்வில் தேறிச் சான்று பெறல் வேண்டும் என்பது 1994 முதல் நாடு முழுவதற்கும் சட்டம். அவ்வாயுக்கள் வெளிப்படின் விண்ணிலுள்ள ஓசோன் படலத்துக்கோ, உலகின் தட்பவெப்பநிலைக்கோ தீங்கு விளையும் என்பதே அதன் நோக்கம். பாஸ்டனிலும் லிட்டில் ராக்கிலும் கேட்கப்படும் வினாக்கள் ஒன்றே. கடமையில் ஒரே நாடாக விளங்கும் தேசம், கூலியில் மட்டும் ஐம்பது நாடுகளாகப் பிரிந்து நிற்பது எங்ஙனம் பொருந்தும்?

என் கருத்தில் எஞ்சிய காரணங்களுட் சிறந்தவை இரண்டு. ஒன்று தொழிற்சங்கத்தின் வலிமை. புளோரிடாவும் ஆர்க்கான்சாஸும் 1944-ஆம் ஆண்டிலேயே, சங்கத்திற் சேர்வதை வேலைக்கு நிபந்தனையாக்குதல் கூடாது எனத் தம் அரசியலமைப்பில் விதித்தன. 1947-ஆம் ஆண்டு டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் இத்தகைய விதிகளுக்கு இடமளித்தது. இன்று இவ்விதி கொண்ட மாகாணங்கள் 26. மாசச்சூசெட்ஸ் அவற்றுள் ஒன்றன்று. தனிமனிதன் உரிமையைக் காக்கும் விதி என இது பேசப்படுகின்றது. ஆனால் தனித்து நின்று முதலாளியோடு கூலி பேசும் உரிமை, பெரும்பாலும் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் உரிமையாகவே முடிகின்றது.

மற்றொன்று லைசென்சின் முறை. மாசச்சூசெட்ஸிற் பெரிய குளிர்பொறிகளிற் கைவைக்கும் கம்மியன், பல்லாயிர மணிநேரம் பயின்று தன் பெயரிலேயே மாகாண லைசென்சு பெறல் வேண்டும். புளோரிடாவில் மாகாண லைசென்சு ஒப்பந்தக்காரருக்கே உரியது. அவர்கீழ் உழைப்போனுக்கு அது வேண்டுவதில்லை. முன்னவன் தன் திறமையின் மதிப்பைத் தன் சட்டைப்பையில் வைத்திருக்கின்றான். பின்னவன் திறமைக்குரிய மதிப்போ பிறன் பெட்டியில் இருக்கின்றது.

குறைந்த கூலி கிடைக்குமிடத்தை விட்டு நீங்கி மிகுந்த கூலி கிடைக்குமிடத்துக்குச் செல்லலாமே எனச் சிலர் வினவுவர். செல்வோர் செல்கின்றனர். ஆனால் பெற்றோரையும் வீட்டையும் விட்டுப் பெயர்தல் எல்லார்க்கும் இயல்வதன்று; ஒரு மாகாணத்து லைசென்சு மற்றொன்றிற் செல்லாமலும் போதல் கூடும். மேலும், வல்லவர் யாவரும் வெளியேறுவராயின், வெப்பம் மிக்க ஏழை மாகாணத்துக் கிழவரும் குழந்தைகளும் யாரை அழைப்பர்?

கூலி உயர்ந்தாற் பழுது பார்க்கும் செலவும் உயர்ந்து ஏழை மக்களே வருந்துவர் என்பது வன்மையான தடை. அதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. எனினும் வீட்டார் செலுத்தும் தொகையிற் கம்மியன் கூலி ஒரு பகுதியே. வண்டி, கருவி, காப்புறுதி, முதலாளியின் இலாபம் ஆகியவையும் அதனுள் அடங்கும். அன்றியும், அடிப்படைக் கூலியைக் குறைத்து, புதுப் பொறி விற்றுக் கொடுத்தால் தரகு தருவோம் என்னும் முறை வீட்டுப் பணிகளிற் பரவியுள்ளது. சிறு பழுதைச் செப்பனிட வந்தவன் பொறி முழுவதையும் மாற்றுக எனக் கூறினால், வெப்பத்தில் வாடும் குடும்பத்தார் அவன் சொல்லை நம்புவதன்றி வேறென் செய்வர்? குறைந்த கூலி எப்போதும் ஏழைக்கு மலிவாக முடிவதில்லை.

ஆகலின், வேண்டப்படுவன இவை: ஊதிய வேற்றுமை வாழ்க்கைச் செலவின் வேற்றுமையை மிகாதிருத்தல், லைசென்சு உழைப்போன் பெயரிலேயே வழங்கப்பட்டு எல்லா மாகாணங்களிலும் ஏற்கப்படுதல், பழுது பார்ப்போனை விற்பனைத் தரகனாக்காதிருத்தல், வெப்பத்தில் உழைப்போர்க்கு நிழலும் நீரும் ஓய்வும் சட்டத்தால் உறுதி செய்தல். இவற்றுள் இறுதியானது மிக எளிது போலத் தோன்றும். ஆயினும் 2024-இல் புளோரிடா மாகாணம், இத்தகைய பாதுகாப்பை நகராட்சிகளும் வட்ட ஆட்சிகளும் கட்டாயமாக்கக்கூடாது எனச் சட்டம் செய்தது. பிறர் வீட்டைக் குளிரச் செய்வதற்காகக் கூரையின்கீழ்ப் பரணில் வெந்து நிற்கும் ஒருவனுக்கு நிழல் வேண்டும் என்று விதிக்க ஓர் ஊராட்சிக்கு அதிகாரமில்லை எனின், அச்சட்டத்தை என்னென்பது!

இலக்கியம் பயிலும் மாணவன் கம்மியர் கூலியைப்பற்றி ஆராய்வதேன் என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சொல்லின் பொருளை ஆராய்வோர், கூலி என்னும் சொல்லின் பொருளை மட்டும் ஆராயாது விடுதல் முறையன்று. ஒருவன் உழைப்பின் விலை அவன் அறிவாலும் பயனாலும் அளக்கப்படுதல் வேண்டும். மாகாணங்களுக்கிடையே வரையப்பட்ட எல்லைக்கோட்டால் அளக்கப்படுதல் ஆகாது.