ஷெஃபீல்டும் ஒரு தொலைபேசிக் கதையும்

கடற்போரில் ரேடார், தகவல் தொடர்பு, மின்னணுப் போர்முறை ஆகியவற்றின் இடம் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கதை தவறாமல் வந்து சேர்கிறது. 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்து போரில் தாக்கப்பட்ட ஷெஃபீல்டு என்னும் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பலின் கதை அது. எதிரி விமானத்தின் ரேடார் அலைகளைக் கேட்டு எச்சரிக்கும் கருவி அக்கப்பலில் இருந்தது. ஆனால் அந்நேரம் பார்த்துக் கப்பல் செயற்கைக்கோள் வழியே தாய்நாட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்பும் கருவியின் இரைச்சலில் கேட்கும் கருவி செவிடாயிற்று. ஏவுகணை வந்தது, இருபது பேர் மாண்டனர். வாய் பேசியதால் காது அடைத்துப்போன கப்பல்!

இக்கதை இலக்கிய வாசகர்களுக்கு ஏன் இனிக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. மனிதன் படைத்த இரு கருவிகள் ஒன்றையொன்று மறித்து, படைத்தவனையே பலிகொண்டன என்பதில் ஒரு புராணச் சாயல் இருக்கிறது. இயந்திரத்தின் மீது நமக்குள்ள பழைய சந்தேகத்துக்கும் அது தீனி போடுகிறது. இந்தக் கதையைத்தான் நாம் இங்கே மறுக்க முற்படுகிறோம். அதில் உள்ள செய்தி பொய் என்பதால் அன்று. ஷெஃபீல்டு அப்போது செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததும், அதனால் கேட்புக் கருவி பயனற்றுப் போனதும் உண்மையே. அந்த உண்மையை முன்னே நிறுத்தி அதன் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டது எது என்பதே நம் கேள்வி.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். ரேடார் என்பது இருட்டில் விளக்கேந்தி நடப்பதைப் போன்றது. அலையை அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருக்க வேண்டும். போகவும் வரவும் இரு வழியிலும் அலை மெலிகிறது. எதிரில் நின்று வெறுமனே கேட்பவனுக்கோ ஒரு வழிப் பயணம் மட்டுமே. ஆகவே ரேடார் எவ்வளவு தொலைவு காண்கிறதோ, அதைவிட வெகு தொலைவில் அதன் இருப்பு பிறர் காதில் விழுந்துவிடுகிறது. கடற்போரின் மின்னணுவியல் முழுவதும் இந்தச் சமனின்மையின் மீது கட்டப்பட்டதுதான். எப்போது வாய் திறப்பது, எப்போது மௌனம் காப்பது, கேட்டது எதனுடைய குரல் என்று எப்படி அறிவது?

இனி மே மாதம் 4ஆம் தேதிக்கு வருவோம். அர்ஜென்டினக் கடற்படையின் இரண்டு சூப்பர் எத்தாந்தார் விமானங்கள், ஆளுக்கொரு எக்ஸோசெட் ஏவுகணையுடன், அலைகளை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. இலக்கை உறுதிசெய்யச் சற்றே மேலெழுந்து சில நொடிகள் தம் ரேடாரை இயக்கின. பிரிட்டிஷ் அணியின் முன்வரிசையில் ஒரே வகையைச் சேர்ந்த மூன்று நாசகாரிகள் நின்றன: ஷெஃபீல்டு, கிளாஸ்கோ, கவென்ட்ரி. கிளாஸ்கோவில் இருந்ததும் அதே கேட்புக் கருவிதான். அது அந்தச் சில நொடிக் குரலைக் கேட்டது. இன்னதென்று அடையாளமும் கண்டது. அதற்கெனக் குறிக்கப்பட்டிருந்த சங்கேதச் சொல் உரக்க ஒலித்தது. கிளாஸ்கோ, ஏவுகணையின் கண்ணை மயக்கும் உலோகப் பூச்சு இழைகளை வானில் வாரி இறைத்தது. மற்றக் கப்பல்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

வான் பாதுகாப்பை ஒருங்கிணைத்த இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கி அதை நம்பவில்லை. அன்று ஏற்கெனவே பொய் எச்சரிக்கைகள் வந்திருந்தன. இதையும் அவற்றோடு சேர்த்துவிட்டார்கள். ஷெஃபீல்டிலோ, வான் தாக்குதலுக்குப் பொறுப்பான அதிகாரி காப்பி அருந்த எழுந்து போயிருந்தார். அவருடைய உதவியாளரும் கழிப்பறைக்குச் சென்றிருந்தார். கேப்டனை யாரும் அழைக்கவில்லை. மேல்தளத்தில் நின்றவர்கள் ஏவுகணையைக் கண்ணால் கண்ட பிறகும், கண்ட காட்சியில் உறைந்து, கப்பலுக்கு ஓர் அறிவிப்புக்கூடச் செய்யவில்லை. இழைகள் வீசப்படவில்லை. ஒரு குண்டும் சுடப்படவில்லை. ஆறு நாள் கழித்து, மே 10 அன்று, இழுத்துச் செல்லப்படும் வழியில் கப்பல் மூழ்கியது.

இவையெல்லாம் நம் ஊகமன்று. பிரிட்டிஷ் கடற்படையின் சொந்த விசாரணைக் குழு 1982இலேயே கண்டறிந்து எழுதி வைத்தவை. இரு அதிகாரிகள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று அக்குழு முடிவு கூறியது. அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது. 2006இல் பல பகுதிகள் நீக்கப்பட்ட வடிவம் ஒன்று வெளிவந்தது; காப்பியும் கழிப்பறையும் உள்ளிட்ட முழு விவரம் உலகுக்குத் தெரிந்தது 2017இல். முப்பத்தைந்து ஆண்டுகள்! அந்த இடைவெளியில் பொதுமக்களின் மனத்தில் குடியேறியது தொலைபேசிக் கதைதான். அது யாரையும் குற்றவாளி ஆக்காது. அலைவரிசைகள் மோதிக்கொண்டதற்கு யாரைக் கூண்டில் ஏற்ற முடியும்? கருவியின் மேல் பழி போடுவது, பொறுப்பானவர்களுக்குச் செய்யப்படும் பேருதவி என்பதை நம் இயந்திர வெறுப்பாளர்கள் உணர்வதேயில்லை.

அந்த இரு அதிகாரிகளையும் இன்று தூக்கிலேற்ற வேண்டும் என்பது நம் வாதமன்று. நாட்கணக்காகக் கடலில் விழித்திருந்து, பொய் எச்சரிக்கைகளால் அலுத்துப்போன மனிதர்கள் அவர்கள். புலி வருகிறது என்று பலமுறை கூவப்பட்டபின் உண்மைப் புலி வந்த கதை நமக்குத் தெரியாததா? ஆனால் அந்த அலுப்பே மின்னணுப் போர்முறையின் மையச் சிக்கல். கருவி கேட்டதை மனிதன் நம்பும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் இத்துறையின் 'வளர்ச்சி'. அதைச் சோதனைச்சாலையில் மட்டும் செய்துவிட முடியாது. எங்கே, ஏன் நம்பாமல் போனோம் என்பது எழுதப்பட வேண்டும், படிக்கப்படவும் வேண்டும்.

பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். எந்த ரகசியம்? ஷெஃபீல்டின் வகையைச் சேர்ந்த இரு கப்பல்களை அர்ஜென்டினாவே பிரிட்டனின் உதவியோடு பெற்று வைத்திருந்தது. ஹெர்குலிஸ், சாந்திசிமா திரினிடாட் என்பவை அவற்றின் பெயர்கள். அவற்றின் ரேடார் எதைக் காணும், எதைக் காணாது என்று அவர்களின் விமானிகள் அக்கப்பல்களை இலக்காக வைத்தே பழகியிருந்தார்கள். எதிரிக்குத் தெரிந்திருந்ததை மாண்டவர்களின் குடும்பங்களிடமிருந்து மறைத்ததற்கு ரகசியம் என்று பெயர் வைப்பது சொல்லுக்கே செய்யும் துரோகம். அலைவரிசை எண்களை மறைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை. காப்பிக் கோப்பை எந்த அலைவரிசையில் இயங்குகிறது?

வேறு வழியும் உண்டு என்பதற்கு இரண்டு சான்றுகள். 1967 அக்டோபர் 21 அன்று போர்ட் சையதுக்கு அருகே எகிப்தியப் படகுகள் ஏவிய ஸ்டிக்ஸ் ஏவுகணைகளால் எய்லாத் என்ற இஸ்ரேலிய நாசகாரி மூழ்கியது; 47 பேர் இறந்தனர். (அவ்வரசின் செயல்களைப் பற்றிய நம் கருத்து வேறு, இங்கே பேச்சு கருவிகளைப் பற்றியது.) அந்தத் தோல்வியையே பாடமாக வைத்து, ஏவுகணையின் உள்ளமைப்பை அனுமானித்து, ஏமாற்று இழைகளையும் குழப்பும் அலைகளையும் அவர்கள் உருவாக்கினார்கள். 1973 அக்டோபரில் லட்டாக்கியா அருகே சிரியப் படகுகளைச் சந்தித்தபோது, சிரியரின் ஸ்டிக்ஸ், இஸ்ரேலியரின் கேப்ரியல் ஏவுகணையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தொலைவு பாயவல்லதாக இருந்தது. ஆயினும் அந்தப் போர் முழுவதும் ஏவப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்டிக்ஸ்களில் ஒன்றும் அவர்களின் படகுகளைத் தொடவில்லை.

மற்றது, 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஈராக்கிய விமானம் ஒன்றின் இரு எக்ஸோசெட்களால் தாக்கப்பட்ட அமெரிக்கக் கப்பல் ஸ்டார்க். அங்கும் கேட்புக் கருவி விமானத்தின் ரேடாரை அடையாளம் கண்டிருந்தது. அங்கும் இழைகள் வீசப்படவில்லை. 37 பேர் மாண்டனர். ஷெஃபீல்டு நடந்து ஐந்தே ஆண்டுகளில் அச்சு மாறாமல் அதே கதை. ஆனால் இம்முறை விசாரணையின் முடிவுகள் அதே ஆண்டில் பொதுவெளிக்கு வந்தன. கேப்டன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது நியாயமா என்ற விவாதம்கூட, அறிக்கை வெளிவந்ததனால்தான் சாத்தியமாயிற்று.

நம் நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சிக்கு வெளியே இந்தியப் படகின் ஸ்டிக்ஸ் பட்டு மூழ்கிய கைபர் என்ற பாகிஸ்தான் நாசகாரி, தன்னைத் தாக்கியது விமானம் என்றே செய்தி அனுப்பிவிட்டு மூழ்கியது. அன்று கேட்கத் தெரியாதவன் எதிரியாக இருந்தான். 2021 நவம்பரில், ஹைதராபாத் ஆய்வகத்தில் உருவாகி பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த 'சக்தி' என்ற மின்னணுப் போர்முறைத் தொகுப்பு ஜான்சியில் நடந்த விழாவில் கடற்படைக்கு வழங்கப்பட்டது. அதன் பொறியாளர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சீனப் போரின் தோல்வி குறித்து 1963இல் முடிக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இன்றுவரை முறையாக வெளியிடாத அரசின் கையில் அக்கருவி தரப்பட்டிருக்கிறது. முதலில் அந்த அறிக்கையை வெளியிடட்டும். விழா மேடைப் பேச்சுகளைப் பிறகு கேட்போம்.