கையெழுத்துக்கு முன்னால் பெயரைப் படியுங்கள்



உங்கள் பெயர் என்ன? ஒரே பதில்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் அப்படியா இருக்கிறது? பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராகிவிடுகிறது. பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தால், 'என்கிற' என்று போட்டு வீட்டில் கூப்பிடும் பெயரும் சேர்ந்திருக்கிறது.

இத்தனை பேரும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். கடன் கணக்கை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

வீட்டுக் கடன், வண்டிக் கடன், நகைக் கடன் என்று ஏதாவது ஒன்று இல்லாத குடும்பம் இன்று குறைவு. இவற்றில் ஏதோ ஒரு பொருள் ஈடாக நிற்கிறது. வீடு, வண்டி என்றால் அந்த ஈட்டைக் கடன் கொடுத்தவர் எங்காவது பதிவும் செய்துவைக்கிறார். வண்டி என்றால் ஆர்.சி.யில் 'ஹைப்பாதிகேஷன்' என்று வங்கியின் பெயர் ஏறுகிறது. வீடு என்றால், பத்திரங்களை வங்கியிடம் ஈடாக ஒப்படைத்ததைச் சொல்லும் எம்.ஓ.டி. என்ற ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றில் தெரிகிறது. இதோடு 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகம் ஒன்றும் இருக்கிறது. 2011 மார்ச் 31 முதல் இயங்குகிறது. அதில் பதியாத கடனுக்கு, சர்ஃபாசி சட்டத்தின் கீழ் சொத்தைக் கையகப்படுத்தும் உரிமை 2020 ஜனவரி 24 முதல் வங்கிக்குக் கிடையாது. அதனால் வங்கிகள் தவறாமல் பதிகின்றன.

அதாவது, நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, முகம் தெரியாத யாரோ ஒருவர் நம் பெயரை எங்கோ டைப் செய்கிறார். அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஒரு எழுத்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். விவசாயி ஒருவர் 1998-இல் கடனில் டிராக்டர் வாங்குகிறார். அந்த டிராக்டர் மேல் விற்ற கடைக்காரர் தரப்புக்கு உரிமை இருக்கிறது என்று மாநிலப் பதிவகத்தில் முறைப்படி பதிவாகிறது. விவசாயியின் பெயர் ரோஜர். அவர் அதை ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'டி' சேர்த்து எழுதுபவர். பதிவில் அந்த 'டி' விட்டுப்போகிறது. பிறகு ஒரு வங்கியும் அதே விவசாயிக்கு அவருடைய கருவிகளை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கிறது. அவருடைய சரியான பெயரைப் போட்டுத் தேடினால் கடைக்காரர் தரப்பின் பதிவு கண்ணில் படவே இல்லை. விவசாயி திவாலானபோது டிராக்டர் யாருக்கு என்று வழக்கு. முதலில் பதிந்தது கடைக்காரர் தரப்புதான். ஆனாலும் 2006-இல் கான்சாஸ் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. சரியான பெயரில் தேடும்போது வராத பதிவு, பதியாததற்குச் சமம் என்பது அங்கே சட்டம்.

இப்படிப் பல வழக்குகள் வந்த பிறகு, எந்தப் பெயர் சரியான பெயர் என்ற குழப்பமே வேண்டாம் என்று சட்டத்தையே திருத்தினார்கள். 2013 ஜூலை முதல் அங்கே பெரும்பாலான மாநிலங்களில், கடன் வாங்குபவரின் ஓட்டுநர் உரிமத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே பதிவுக்குரிய பெயர். ஓர் ஆவணம், ஒரு பெயர். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

அங்கே பிழையால் நஷ்டப்பட்டவர் கடன் கொடுத்தவர். நம் ஊரில் பெரும்பாலும் அலைபவர் கடன் வாங்கியவர். வித்தியாசம் அதுதான்.

எப்போது அலைகிறோம்? கடன் வாங்கும்போது அல்ல. அப்போது எல்லாம் சுலபமாக நடந்துவிடும். கடைசித் தவணை கட்டி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. வண்டிக்கு வங்கி தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் தருகிறது. அதிலுள்ள பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள்வி வருகிறது. வீடு என்றால் எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீது பதிவாக வேண்டும். பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் அங்கேயும் நிற்க வேண்டியதுதான்.

இதில் பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். கல்யாணத்துக்கு முன் வாங்கிய மனை அப்பாவின் இனிஷியலில். கல்யாணத்துக்குப் பின் திறந்த வங்கிக் கணக்கு கணவரின் இனிஷியலில். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'கே, எஸ்' போடுவதா, 'எக்ஸ்' போடுவதா, 'டி, சி' போடுவதா என்பதை ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு குமாஸ்தா தீர்மானித்திருக்கிறார். அந்தப் பெண்ணை யாரும் கேட்டதில்லை. வீட்டுக் கடனில் மனைவியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கும்போது, "இங்கே போடுங்கம்மா" என்று விரல் காட்டுகிறார்களே தவிர, "உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கம்மா" என்று சொல்பவர் குறைவு. சகோதரிகளே, நீங்களாகவே கேட்டுப் பாருங்கள். அவசரம் என்று சொன்னாலும் பாருங்கள்.

கடன் நடந்துகொண்டிருக்கும்போது குடும்பத் தலைவர் இறந்துபோனால்? வாரிசு சான்றிதழில் ஒரு பெயர், கடன் ஒப்பந்தத்தில் ஒரு பெயர், கடனோடு எடுத்த காப்பீட்டில் இன்னொரு பெயர். துக்க வீட்டில் இருப்பவர்கள் இவர்கள் எல்லாம் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும். பிழையைச் சொல்ல வேண்டியவரே இல்லாத நேரத்தில் அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவகங்களில் உள்ள ஈட்டையும் நீக்கிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் பொருந்தும். தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். நல்ல உத்தரவு, ஆனால் தாமதத்துக்குக் காரணம் வங்கியாக இருந்தால்தான் அந்தப் பணம். குழப்பம் நம் பெயரில் இருந்தால்? அந்த உத்தரவைக் காட்டி நாம் எப்படி வாதாட முடியும்?

சரி, என்ன செய்யலாம்? முதலில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரே பெயரை, ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட, முடிவு செய்யுங்கள். நிதானமாக முடிவு செய்யுங்கள். ஆதாரில் பெயர் மாற்றம் இரண்டு முறைக்குத்தான் அனுமதி. பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், ஆதாரிலும் விரித்த பெயரே இருப்பது வசதி என்பது என் கருத்து.

புதிதாகக் கடன் வாங்குகிறீர்கள் என்றால், எம்.ஓ.டி. வரைவைப் பதிவுக்கு முன்பே வாங்கி, கிரயப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவான பின் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரத்திலேயே பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாம். அதற்கு எழுதிக்கொடுத்தவரும் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் ஊரில் இருக்கும்போது, நல்ல உறவில் இருக்கும்போது முடித்துவிடுவது நல்லது.

கடன் வரலாற்று அறிக்கையையும் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரை ஒத்த வேறொருவரின் கடன் அதில் ஏறியிருந்தால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

தவணை ஓடிக்கொண்டிருக்கும் கடன் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதங்களை வெளியே எடுங்கள். வீட்டில் படித்த பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஓர் எழுத்து இடித்தால், கடன் முடியும் வரை காத்திருக்காமல், திங்கட்கிழமையே வங்கி மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்