ஆன்டெனாவும் வேம்பும்

நமது பௌதிகக் கூடத்துக் கடிகாரத்தைத் திருத்தமாய் ஓட்டுதற்பொருட்டு வந்துள்ள ஜி.பி.எஸ். ஆன்டெனாவை எங்கு நாட்டுவது என்பதில் இருவேறு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. சாளரத்தின் வெளிச்சுவரிற் பொருத்தினாற் கம்பிச் செலவு மிச்சமென்பர் சிலர். மாடியில் வைத்து, அதன்மேற் கவிந்த வேம்பின் கிளைகளை வெட்டிவிடலாமென்பர் வேறு சிலர். நாம் இரண்டிற்கும் உடன்படோம்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் துணைக்கோள்களினின்று வரும் அலைகள் மிக மெலிந்தவை. சுவரோ பாதி வானத்தை மறைக்கும். அன்றியும், எதிர்க்கட்டடத்திற் பட்டுத் திரும்பும் அலையும் உடன் கலக்கும். அஃது 30 மீட்டர் சுற்றி வரின் வினாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு தாமதமாம். அற்பமேயெனினும், கருவியை வாங்கியது அவ்வற்பத்தைப் போக்குதற்கன்றோ? இங்கிலாந்திலே தெற்கு வானம் திறந்திருப்பின் பெரும்பாலும் போதும். நமக்கு வடபுறத்தும் துணைக்கோள்கள் வருகின்றமையின் அவ்விதி இங்குப் பொருந்தாது.

மாடியின் கீழ்க்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், நாற்புறமும் வானம் தெளிவாயுள்ளது. 20 மீட்டர் கம்பி அதிகம் வேண்டும், அவ்வளவே. பல தலைமுறை மாணாக்கர் நிழலிற் பயின்ற மரத்திற்கு அது பெரும் விலையன்று. கம்பம் இடிதாங்கியினும் தாழ்ந்து நிற்க வேண்டும். கம்பி உள்நுழையுமிடத்து மின்னற்காப்பை ஐப்பசி இடிமழைக்கு முன்னரே அமைத்துவிடுமாறு வேண்டுகின்றோம்.