காற்றின் மேல் பழி போடாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி முடிந்து டெல்லி புகைக்குள் மூழ்கும்போது நம் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும்: "நமக்குக் கடல் இருக்கு, எல்லாத்தையும் காத்து அடிச்சிட்டுப் போயிடும்." படித்த தோழர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடித்துக்கொண்டு போய் எங்கே போடும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் அறிவியலைப் பேசிவிடுவோம். வெயில் ஏற ஏறக் கடலைவிடத் தரை வேகமாகச் சூடாகிறது. நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே நுழைகிறது. மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையின் சொகுசு விடுதிகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் அது புதுக்காற்று. பிறகு பழைய மாமல்லபுரம் சாலையின் வண்டிப் புகையையும் கட்டுமானத் தூசியையும் வாரிக்கொண்டு மேற்கே நகர்கிறது. இரவில் தரைக்காற்று திரும்ப வீசுகிறது. ஆக, கடல் புகையை அழிப்பதில்லை. ஒருவர் வாசலில் இருப்பது இன்னொருவர் வாசலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழை தூசியைக் கழுவிவிடும். தை, மாசி இரவுகளில் கதை வேறு. வானம் தெளிந்திருக்கும், தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கீழே தங்க, மேலே வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். காலை வெயில் ஏறும்வரை புகைக்கு வழியில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டது இப்படித்தான். அது செய்தியானது. அந்த மூடிக்குக் கீழே மாதக்கணக்கில் தூங்கி எழுகிறவர்கள் செய்தியாவதில்லை.

யார் அவர்கள்? கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைத்தது அரசு. அவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். கண்ணகி நகருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பெருங்குடி குப்பைமேடு. வடகிழக்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் அது பெரும்பாக்கம் பக்கமாகத்தான் வீசுகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் அந்தக் குப்பைமேடு பற்றி நாள்கணக்கில் எரிந்தது. நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்கள் வீட்டுக்கே அந்தக் குப்பையின் புகையும் போகிறது. வடகிழக்குக் காற்று இயற்கை. அதன் வழியில் குப்பையைக் கொட்டியதும் மக்களைக் குடிவைத்ததும் கோப்பில் கையெழுத்திட்டு எடுத்த முடிவு.

செங்கல் சூளைக்குப் போய்ப் பாருங்கள். மழையில் பச்சைக்கல் காயாது. அதனால் தை பிறந்துதான் வேலை சூடு பிடிக்கும். காற்று அசையாமல் நிற்கும் அதே மாதங்கள். முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்ட இருளர் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் சூளை ஓரத்துக் குடிசையிலேயே சமைத்து, அங்கேயே குழந்தைகளைத் தூங்கவைக்கின்றன. புகை திரும்பும்போது எழுந்து வேறு இடம் போக அவர்களுக்கு உரிமை கிடையாது.

எங்கள் பெரியவர்கள் சொல்வதுண்டு: சேரியின் மேல் பட்ட காற்று ஊருக்குள் வரக்கூடாது என்று பார்த்துத்தான் சேரிக்கு இடம் ஒதுக்கினார்களாம். காற்றிலும் தீட்டுப் பார்த்த சமூகம் இது. இன்று அந்த வேலையை நகரத் திட்டமிடல் என்கிறார்கள்.

24 மணி நேரச் சராசரியில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தியா 60 வரை அனுமதிக்கிறது. அந்த 60-ம் நாள் முழுவதற்குமான சராசரி. பின்னிரவு மூன்று மணிக்குச் சூளையோரத்தில் ஏறும் அளவு, பகல் கடற்காற்றோடு சேர்த்து வகுக்கப்பட்டுக் காணாமல் போகும். அளக்கும் கருவியே அங்கு இல்லையென்றால் வகுப்பதற்குக்கூட எண் இருக்காது.

மாசற்ற நீரும் காற்றும் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. 1927-ல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கியது பொது நீரில் நமக்குள்ள உரிமைக்காக. பொதுக் காற்றுக்கும் அதே நியாயம்தான்.

தோழர்களே, "பருவநிலை அப்படி" என்று அதிகாரி சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பெரும்பாக்கத்திலும் சூளைகள் பக்கத்திலும் கண்காணிப்பு நிலையம் எங்கே என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, நேரம், காற்று வந்த திசை, புகை எழுந்த இடம், அன்று மூச்சிரைத்த குழந்தைகள் எத்தனை பேர். ஒரு பருவம் முழுக்க எழுதுங்கள். அடுத்த தை மாதம் அந்த நோட்டோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.