யாருடைய சம்பளத்தில் யாருக்கு விடுதலை?

மாதச் சம்பளம் அடிமைச் சாசனம், போக்கர் அறிவாளியின் விடுதலைப் பத்திரம் என்று முழங்கி, முப்பது வயதுக்கு உட்பட்ட மென்பொருள் ஊழியர்களை இன்றே ராஜினாமாக் கடிதம் எழுதத் தூண்டும் ஒரு கட்டுரையை வரி விடாமல் படித்தேன். சீட்டைத் தொட்டாலே பாவம் என்ற கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். போக்கர் நுட்பமான ஆட்டம். நிகழ்தகவும் நெஞ்சுரமும் சேர்ந்து வேலை செய்யும் ஆட்டம். ஆனால் நுட்பமான ஆட்டம் என்பதிலிருந்து நம்பிப் பிழைக்கத்தக்க தொழில் என்ற முடிவுக்கு ஒரே தாவாகத் தாவி, அந்தத் தாவலை ஏதோ தத்துவம்போல இளைஞர்கள் தலையில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

கட்டுரையாளர் தம்மிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். போக்கர் மேசையில் ஜெயிப்பவனுக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே நெல் விளைவதில்லை, நூல் நூற்கப்படுவதில்லை. ஒருவன் பையிலிருந்து இன்னொருவன் பைக்குப் போகிறது, அவ்வளவுதான். போகிற வழியில் ஒவ்வொரு பந்தயக் குவியலிலிருந்தும் டீலர் சில சில்லுகளை ஒதுக்கி மேசையிலுள்ள பிளவுக்குள் தள்ளிவிடுவார். பெரும்பாலும் ஐந்து சதவீதம், ஓர் உச்சவரம்போடு. ரேக் என்று அதற்குப் பெயர். ஜெயித்தவன் சில்லுகளை அடுக்கிக்கொண்டிருப்பான், தோற்றவன் தன் கடைசிச் சீட்டை நொந்துகொண்டிருப்பான். அந்தப் பிளவை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆக, மேசையில் உட்கார்ந்த எல்லாருடைய கணக்கையும் கூட்டினால் விடை எப்போதும் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தையும், அதற்கு மேல் தொழில்முறை ஆட்டக்காரரின் வீட்டு வாடகையையும் சேர்த்துச் சுமப்பவன் யார்? மேசை வழக்கில் அவனை 'ஃபிஷ்' என்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு, சம்பளம் வந்த வாரத்தில், தோற்றாலும் அடுத்த மாதம் முதல் தேதி இருக்கிறதே என்ற தைரியத்தில் கணக்குப் பார்க்காமல் பந்தயம் கட்டுகிறவன் அவன். மாதச் சம்பளக்காரன்!

கட்டுரையாளர் எவனை அடிமை என்று எள்ளி நகையாடுகிறாரோ அவனுடைய சம்பளத்தில்தான் அவர் கொண்டாடும் 'சுதந்திர மனிதன்' சோறு தின்கிறான். அவர் பேச்சைக் கேட்டு எல்லாச் சம்பளக்காரரும் வேலையை விட்டுவிட்டு மேசைக்கு வந்தால் யாரிடமிருந்து யார் ஜெயிப்பது? தன் அறிவுரையை எல்லாரும் பின்பற்றினால் தன் தொழிலே அழியும் என்ற நிலையில் இருக்கும் ஒருவர் அதை விடுதலைத் தத்துவம் என்று விற்கலாமா? அந்தச் 'சுதந்திர மனிதன்' தன் நேரத்துக்குத் தானே எஜமானன் என்கிறார். நிஜத்தில் சம்பளக்காரன் ஓய்வெடுக்கும் வெள்ளி, சனி இரவுகளில்தான் தொழில்முறை ஆட்டக்காரன் கண்விழித்தாக வேண்டும். ஊழியனின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் அவனும் தன் நாளைக் குறிக்கிறான்.

துணைக்கு நளனை அழைக்கிறார். தருமன் தோற்றது சூதால் அன்று, வித்தை போதாமையால். வித்தை கற்ற நளன் புட்கரனை வென்று நாட்டை மீட்டான் என்பது வாதம். கதையை முழுதாகப் படித்தவர்களிடம் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நளன் அந்த வித்தையை எங்கே கற்றான்? அயோத்தியில், அரசன் இருதுபன்னனிடம் வாகுகன் என்ற பெயரில் சமையலும் தேரோட்டும் வேலையும் செய்து, ஊதியத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தபோது. தேரை ஓட்டிப்போகும் வழியில், தான்றி மரத்தடியில், குதிரை வித்தையைக் கொடுத்து எண்ணும் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் வாங்கினான். பிறகு ஒரே ஒரு முறை ஆடினான், இழந்ததை மீட்டான், எழுந்துபோய் நாட்டை ஆண்டான். நாடு நாடாகப் போய்ச் சூதாடிப் பிழைக்கவில்லை. இவர் சாட்சிக்கூண்டில் ஏற்றிய நளன் இவருக்கு எதிராகத்தான் பேசுகிறான்.

புராணத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போகிறார்: கிறிஸ் மணிமேக்கர். 2003இல் இணையத்தில் சிறு தொகைக்கு ஒரு தகுதிப்போட்டி ஆடி, லாஸ் வேகாஸில் 839 பேர் கலந்துகொண்ட உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றவர். உண்மைதான். அவர் என்ன வேலையில் இருந்தார் என்பதை மட்டும் கட்டுரை விழுங்கிவிட்டது. டென்னசியில் கணக்காளர் அவர். வேலையை விட்டுவிட்டு ஜெயித்தவர் அல்லர். வேலையில் இருந்துகொண்டே ஜெயித்தவர். அதற்குப் பிறகும் அவரைத் தாங்கியது சீட்டு மட்டுமா? இணையதள நிறுவனம் ஒன்று அவரைத் தன் விளம்பர முகமாக்கிக்கொண்டது. 839 பேரில் ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி, மற்ற 838 பேரும் ஊருக்குத் திரும்பிப்போன கதையை மறைப்பதற்கு நேர்மை என்று பெயரா?

திறமைக்கு உச்சமாக ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்டூ அங்கரைச் சொல்ல வேண்டும். 1980, 1981, 1997 என மூன்று முறை அதே உலகப் பட்டத்தை வென்ற மேதை. 1997இல் அவர் வென்ற பத்து லட்சம் டாலரில் பாதி, நுழைவுத் தொகையைக் கட்டிய முதலீட்டாளருக்குப் போயிற்று. மறு ஆண்டே லாஸ் வேகாஸின் மலிவான விடுதியறை ஒன்றில், 45 வயதில், ஏறக்குறைய கைவெறுமையாக இறந்து கிடந்தார். போதைப் பழக்கம் அதில் பெரும் பங்கு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் திறமை இருந்தால் போதும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர், அந்த ஆட்டம் பெற்ற ஆகப் பெரிய திறமைசாலியின் பெயரை ஏன் ஓரிடத்தில்கூட எழுதவில்லை?

இனி, அவர் பெருமிதத்தோடு முன்வைக்கும் 'ஆறு மாதச் சோதனை'. ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் ஆடு, குறிப்பேட்டில் எழுது, லாபம் தெரிந்தால் வேலையை விடு என்கிறார். ஆறு மாதத்தில் 26 சனிக்கிழமை. இரவுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு முப்பது கை, அதாவது முப்பது சுற்றுச் சீட்டு, என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 6,240 கைகள். இது எதை நிரூபிக்கும்? இணையத்தில் நூறு கைக்கு இரண்டரை பிக் பிளைண்ட், அதாவது கட்டாயத் தொடக்கப் பந்தயத்தைப் போல இரண்டரை மடங்கு, லாபம் பார்ப்பவர் நல்ல ஆட்டக்காரர். அதே நூறு கையில் ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் ஏறத்தாழ நூறு பிக் பிளைண்ட். ஒரு லட்சம் கை ஆடினால் அவருடைய எதிர்பார்ப்பு 2,500. திட்டவிலக்கமோ 3,160ஐத் தொடும். கல்லூரிப் புள்ளியியல் தெரிந்தவர் போட்டுப் பார்க்கலாம்: இப்படிப்பட்ட நல்ல ஆட்டக்காரர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு லட்சம் கைக்குப் பிறகும் நஷ்டத்தில் நிற்பார். திருப்பிப் போட்டால் இன்னும் கொடுமை. லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத ஆட்டக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதே ஒரு லட்சம் கையில் 2,500க்கு மேல் லாபம் காட்டும். திறமை இல்லாதவன் தன்னைத் திறமைசாலி என்று நம்ப ஒரு லட்சம் கைகூடப் போதும் என்றால், 6,240 கையைக் காட்டி ஒருவனை ராஜினாமா செய்யச் சொல்வதை என்னவென்பது? நேரடி மேசையில் எதிராளிகள் பலவீனர், ஜெயிப்பு விகிதம் கூடும் என்று பதில் வரும். கூடும்தான். ஆனால் அங்கே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் உட்கார்ந்தாலும் அந்த ஒரு லட்சம் கையை முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். அதுவரை வாடகையை யார் கட்டுவது?

எதிராளியின் முகத்தைப் படிப்பது, மனத்தைப் படிப்பது என்று ஒரு பத்தி இருக்கிறது. 2017இல் பிட்ஸ்பர்க்கில் லிப்ரட்டஸ் என்ற கணினி நிரல் 1,20,000 கைகளில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. அதற்கு முகமும் இல்லை, படிக்கக் கண்ணும் இல்லை. இன்று விலை கொடுத்து வாங்கும் மென்பொருளே சரியான ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறது, எல்லாரும் வாங்குகிறார்கள். எல்லாரிடமும் இருப்பது யாருக்கும் அனுகூலம் ஆகாது.

சட்டம் பக்கம் வரும்போது கட்டுரையாளரின் குரல் கம்மிப்போகிறது. உச்ச நீதிமன்றமே திறன் ஆட்டம் என்று சொல்லிவிட்டது என்கிறார். அந்தத் தீர்ப்பு ரம்மியைப் பற்றியது. மூன்று சீட்டு ஆட்டங்களை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியதும் அதே தீர்ப்புதான். போக்கர் அதிர்ஷ்ட ஆட்டம் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது; சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் மாறாக நின்றது. இந்தச் சண்டைக்கே வேலையில்லாமல், திறனா அதிர்ஷ்டமா என்ற பேதம் பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் தடைசெய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மக்களவைக்கு வந்த மூன்றே நாளில்! பெரிய தளங்கள் உடனே கடையை மூடின. அதற்கு முந்தைய வாரம் இவர் பேச்சைக் கேட்டு ராஜினாமா செய்தவனின் கதி என்ன? வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றனவாம். 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு அங்கே இயங்கிய தளங்களை முடக்கியபோது, ஃபுல் டில்ட் என்ற தளத்தில் பணம் போட்டிருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கியதே 2014இல். அது அவர்கள் நாட்டு அரசு தலையிட்டதால் கிடைத்தது. சென்னையில் உட்கார்ந்து கள்ளவழியில் நுழைகிறவனுக்கு யார் தலையிடுவார்?

மிச்சம் இருப்பது கோவாவின் மிதக்கும் கேசினோக்கள் போன்ற நேரடி மேசைகள். அங்கே வருமான வரி காத்திருக்கிறது. ஆளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் நுழைவுத் தொகையுள்ள போட்டிகள் பத்து ஆடுகிறீர்கள். ஒன்பதில் தோற்று, ஒன்றில் ஐந்து லட்சம் ஜெயிக்கிறீர்கள். கொடுத்தது ஐந்து லட்சம், வந்தது ஐந்து லட்சம். லாபம் சுழியம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி. அதற்காகச் செய்த செலவையோ மற்ற ஒன்பது நஷ்டங்களையோ கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. செஸ் வரியோடு 1,56,000 ரூபாய் போகும். ஒரு பைசா சம்பாதிக்காமல் ஒன்றரை லட்சம் கட்டுகிற வேறு எந்தத் தொழிலை இவர் இளைஞர்களுக்குப் பரிந்துரைப்பார்? மாதாந்தர வருமானத்தை அட்டவணை போட்டுக் காட்டியவர் அதில் வரிக்கு ஒரு வரிசைகூட விடவில்லை.

இதற்கெல்லாம் மேலே, தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. முன்பகுதியில் ஒரு வருட வீட்டுச் செலவைத் தொடாமல் சேமித்து வைக்கச் சொல்கிறார். பின்பகுதியில் வைப்புநிதியை எடுத்து ஆட்ட முதலாக்கச் சொல்கிறார். பெரும்பாலான இளைஞர்களுக்கு இரண்டும் ஒரே பணம். ஒரே சேமிப்பை இரண்டு முறை எண்ணுகிற இந்தக் கணக்கில்தான் அவர் திட்டமே நிற்கிறது. மாதாமாதம் வாடகையும் பால்காசும் அந்த முதலிலிருந்தே போகும்போது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற குடும்பத்தின் கதைதான்.

முதல் கரைந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார், கட்டுரையின் கடைசியில். தாம் நடத்தும் பயிற்சி வகுப்பையும், முதல் இல்லாத திறமைசாலிகளுக்குத் தாமே பணம் போட்டு ஆடவைக்கும் ஏற்பாட்டையும் அங்கே அறிமுகம் செய்கிறார். ஸ்டேக்கிங் என்ற இந்த ஏற்பாட்டில் வழக்கமாக லாபத்தில் ஏறக்குறைய பாதி முதல் போட்டவருக்கு. தோற்றால் அந்தத் தொகை 'மேக்-அப்' என்று ஆடுகிறவன் கணக்கில் ஏறும். அதை முழுக்க ஜெயித்து அடைக்கும்வரை அவனுக்குப் பங்கு கிடையாது. நோட்டீஸ் காலம் கிடையாது, வைப்புநிதி கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது, வீட்டுக்கடன் கேட்டால் வங்கியில் நீட்டச் சம்பளச் சீட்டும் கிடையாது. எஜமானன் வேண்டாம் என்று வெளியே வந்தவனுக்கு, நஷ்டத்தையும் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகிற எஜமானன் வாய்க்கிறான். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவன் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டான். வேலையை விட்டவன்தான் போடுவான். ராஜினாமா செய்யச் சொல்வதில் அவர் காட்டும் அவசரத்துக்கு இதைவிட வேறு விளக்கம் இருந்தால், தாம் முதல் போட்டு ஆடவைத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் மேக்-அப்பில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு சேர்த்து அவர் அதை எழுதட்டும்.