அந்தப் பிள்ளைக்கு என்ன பெரட்டு?

"எங்கட பிள்ளைக்குக் கனவே வாறதில்ல. படுத்தா கட்டைதான்" என்று பாடசாலைக் கூட்டத்தில் ஒரு தாய் பெருமையாகச் சொன்னார். கேட்க வேதனையாக இருந்தது. கனவு எல்லாப் பிள்ளைக்கும் வருகிறது. அது நினைவில் தங்க நாம்தான் விடுவதில்லை.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வரும். மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டத்தில்தான் தெளிவான கனவுகள் அதிகம். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைக் கண்டு எழுதினார்கள். முன்னிரவில் சில நிமிடமே இருக்கும் அந்தக் கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீளும். நாம் வெட்டி எறிவது அந்த விடியற்காலத் தூக்கத்தைத்தான்.

தோட்டத்தில் பெரியவர்கள் விடியுமுன் எழக் காரணம் உண்டு. றப்பர் பால் வெயிலேறுமுன் வெட்டினால்தான் நன்றாக ஒழுகும். கொழுந்துக்குப் போகிறவர்களுக்குப் பெரட்டு, அதாவது வேலைக்குமுன் ஆள் கூட்டிப் பெயர் எடுப்பது, இருக்கிறது. நாலு மணிக்கு அடுப்பு மூட்டும் தாயை யார் குறை சொல்வது? ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பெரட்டு? லயத்தில் இருப்பது ஒரு காம்பரா. பத்தரை மணிவரை நாடகம் ஓடுகிறது, அந்த வெளிச்சத்திலேயே பாயில் பிள்ளை புரள்கிறது. அதற்குப் பிறகு கண்ணயர்ந்த பிள்ளையை நாலரைக்கு அதட்டி எழுப்பினால், கிடைத்தது ஆறு மணித்தியாலம். அந்த வயதுக்குக் குறைந்தது ஒன்பது வேண்டும். புலமைப்பரிசிலுக்கென்று வகுப்பு வகுப்பாக அனுப்புகிறோமே, படித்தது மனதில் பதியவும் இதே தூக்கம்தான் வேண்டும்.

நானும் செய்தவள்தான். யட்டியாந்தோட்டையில் ஒரு மழைநாள் விடியலில் மகனைச் சத்தம் போட்டு எழுப்பினேன். பாதிக் கண்ணோடு எழுந்து உட்கார்ந்து, "அம்மா, ஆத்துக்குள்ள ஒரு..." என்றான். "முதல்ல பல்ல விளக்கு" என்றேன். பஸ்ஸுக்கு இறங்கும்போது ஆற்றில் என்ன என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "மறந்துபோச்சு" என்றான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விழித்த சில நிமிடத்தில் கனவு கரைந்துவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது.

இப்போது உங்களுக்குத் தெரியும். இன்றிரவு எட்டரைக்கு டிவியை நிறுத்துங்கள், போனை எடுத்து வையுங்கள். காலையில் ஒன்பது மணித்தியாலத் தூக்கம் நிறைந்த பிறகு, அதட்டாமல் தோளைத் தொட்டு எழுப்புங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் படுத்திருக்க விட்டு, "என்ன கனவு கண்ட?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.